மீக்கடத்திகள்: அறிவிப்பும் மெய்ப்பிப்பும்

முன்னுரை

ஒரு செய்தியைக் கேட்டவுடன் நம்புவதும், கேட்டவுடன் மறுப்பதும் எளிய செயல்கள். ஆராய்ந்து ஏற்பதும் ஆராய்ந்து தள்ளுவதுமே அரியன. இலக்கண நூலாரும் அறிவியலாரும் இவ்வரிய வழியையே தமக்குரியதாகக் கொண்டுள்ளனர். நூல் செய்வோர் கைக்கொள்ளும் கொள்கைகளாக நன்னூலார் எழுவகை மதங்களைக் கூறுகின்றார். பிறர் கருத்துக்கு உடன்படுவது அவற்றுள் ஒன்று. மறுப்பதும், பிறர் நூலிலுள்ள குற்றத்தை எடுத்துக்காட்டுவதும், இருவர் மாறுபட்டு நிற்குமிடத்து ஒரு பக்கத்தைத் துணிவதும் அவற்றுள் அடங்கும். மறுப்புக்கும் குற்றங்காட்டலுக்கும் நூலின் இலக்கணத்திலேயே இடம் வகுத்தது நம் மரபு. ஆதலின், அறிவியல் உலகின் மறுப்புகளைப் பற்றித் தமிழ்த்துறையினர் எழுதுவது முறையன்று என எவரும் கருதார் என நம்புகிறோம்.

இயற்பியல், வேதியியல், ஆற்றலியல் ஆகிய மூன்று துறைகளையும் அண்மை ஆண்டுகளில் ஒருங்கே கலக்கிய விவாதம் ஒன்று உண்டு. மின்சாரத்தைச் சிறிதும் இழப்பின்றிக் கடத்தவல்ல பொருள், நாம் வாழும் அறையின் வெப்பநிலையிலேயே கிடைத்துவிட்டதா என்பதே அவ்விவாதம். 2020ஆம் ஆண்டிலும், 2023ஆம் ஆண்டில் இருமுறையும் ‘கிடைத்துவிட்டது’ என்ற அறிவிப்புகள் உலகெங்கும் பேசப்பட்டன. மூன்றும் நிலைபெறவில்லை. அவை தோன்றிய விதத்தையும், சோதிக்கப்பட்ட முறையையும், அவற்றால் நாம் பெறத்தக்க பாடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

மீக்கடத்தி என்பது யாது?

கம்பியில் மின்சாரம் பாயும்போது அது சூடேறுகிறது. துணி தேய்க்கும் பெட்டியில் அவ்வெப்பம் நமக்கு வேண்டியது. மின் நிலையத்திலிருந்து ஊருக்கு வரும் கம்பியிலோ அது வீண். செம்பும் அலுமினியமும் சிறந்த கடத்திகளேயாயினும், அவையும் மின்னோட்டத்திற்குச் சிறிது தடை செய்கின்றன. அத்தடையே வெப்பமாக வெளிப்படுகிறது.

ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் ஹைக்கே காமர்லிங் ஓன்ஸ் என்னும் அறிஞர் 1908ஆம் ஆண்டு ஹீலியம் வாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கினார். அக்குளிரில் உலோகங்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றன எனத் தொடர்ந்து ஆராய்ந்தார். 1911ஆம் ஆண்டு பாதரசத்தைச் சுழிக்குக் கீழ் 269 பாகை அளவுக்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை திடீரென மறைந்தது. (இக்கட்டுரையில் பாகை எனக் கூறுவனவெல்லாம் செல்சியஸ் அளவே.) இப்பண்பைப் பெற்ற பொருளையே மீக்கடத்தி என்கிறோம். ‘மீ’ என்பது மேல் என்னும் பொருளுடைய பழஞ்சொல். ‘மீமிசை’ என்னும் சொல்லாட்சியில் அதனைக் காணலாம். கடத்திகளுக்கெல்லாம் மேலான கடத்தி என்னும் கருத்தை இக்கலைச்சொல் நன்கு உணர்த்துகிறது.

மீக்கடத்திக்கு மற்றோர் அடையாளமும் உண்டு. 1933ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர்களான மெய்ஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் அதனைக் கண்டறிந்தனர். மீக்கடத்தி நிலையை அடைந்த பொருள், தன்னுள் ஊடுருவியுள்ள காந்தப்புலத்தை வெளியே தள்ளிவிடும். காந்தத்தின் மேல் மீக்கடத்தி அந்தரத்தில் மிதப்பதற்கு இப்பண்பே அடிப்படை. ஆகவே ஒரு பொருளை மீக்கடத்தி எனத் துணிவதற்கு இரண்டு சான்றுகள் வேண்டும். மின்தடை முற்றும் மறைய வேண்டும். காந்தப்புலமும் வெளியேற்றப்பட வேண்டும். ஒரு சான்று மட்டும் தீர்ப்புக்குப் போதாது. பின்னர் வரும் விவாதங்களை விளங்கிக்கொள்ள இவ்விரு சான்றுகளையும் நினைவிற் கொள்வது நலம்.

ஆற்றலியலில் இதன் இடம்

மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் ஒரு மீக்கடத்திக் காந்தத்தின் நடுவே படுத்திருந்தவர்களே. அவ்வகைக் கருவிகளின் கம்பிச் சுருள் திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்படுகிறது. ஜெனீவா நகருக்கு அருகில் செர்ன் ஆய்வகத்தார் நிலத்தடியில் அமைத்துள்ள 27 கிலோமீட்டர் சுற்றளவுடைய துகள் முடுக்கியில், முதன்மைக் காந்தங்கள் சுழிக்குக் கீழ் 271 பாகையில் இயங்குகின்றன. சூரியனில் நிகழும் அணுக்கரு இணைவைப் பூமியில் நிகழ்த்த முயலும் ஈட்டர் திட்டம் பிரான்சு நாட்டில் உருவாகி வருகிறது. கோடிக்கணக்கான பாகை வெப்பமுடைய பிளாஸ்மாவை அங்குக் கட்டி நிறுத்தப் போவனவும் மீக்கடத்திக் காந்தங்களே. அவற்றைச் சூழ்ந்து குளிரைக் காக்கும் மாபெரும் கலத்தைச் செய்தளித்தது நம் இந்திய நாடு என்பது மகிழ்ச்சிக்குரியது.

இத்தனை பயன்களுக்கும் குறுக்கே நிற்பது குளிர்விக்கும் செலவே. ஹீலியம் அரிதாகக் கிடைப்பது, விலை மிக்கது. குளிர்வித்தலே தேவையில்லாத மீக்கடத்தி ஒன்று, வேண்டிய வடிவிலும் அளவிலும் செய்யக் கூடியதாகக் கிடைக்குமாயின் மின் கடத்தல், மருத்துவம், போக்குவரத்து ஆகிய துறைகள் பெரிதும் மாறும். இப்பெரும் பயனை எண்ணியே உலகம் இதனை ஆவலோடு தேடுகிறது. ஆவல் மிகுந்த இடத்தில் அவசரமும் மிகுவது இயல்பு.

ஐயத்தோடு எழுதப்பட்ட தலைப்பு

பாதரசத்திற்குப் பின் பல உலோகங்களும் உலோகக் கலவைகளும் ஆராயப்பட்டன. பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகிய மூவரும் 1957ஆம் ஆண்டு இதற்கொரு கோட்பாட்டை வகுத்தனர். தனித்தனியே ஓடும் எலெக்ட்ரான்கள் கடுங்குளிரில் இணை இணையாகச் சேர்ந்து தடையின்றிச் செல்கின்றன என்பது அதன் சாரம். எனினும் 1973 முதல் 1986 வரை, சுழிக்குக் கீழ் 250 பாகை என்னும் எல்லையை எப்பொருளும் தாண்டவில்லை.

1986ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்திலுள்ள ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்நோர்ட்ஸ், முல்லர் என்னும் இருவர் எவரும் எதிர்பாராத இடத்தில் தேடினர். லாந்தனம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் ஆகியவை சேர்ந்த பீங்கான் வகைப் பொருள் அது. பீங்கான் பொதுவாக மின்சாரத்தைக் கடத்தாதது. ஆயினும் அப்பொருளின் மின்தடை, சுழிக்குக் கீழ் 238 பாகையை ஒட்டிய வெப்பநிலையிலேயே வீழத் தொடங்கியது. அவர்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பு நம் கருத்துக்குரியது. ‘மீக்கடத்துதிறன் இருக்கக்கூடும்’ என்னும் ஐயப்பொருள் தோன்றவே தலைப்பிட்டனர். ஒரு சான்று கிடைத்திருந்தது. காந்தச் சான்று அப்போது கையில் இல்லை. கைக்கு எட்டிய அளவே சொல்லுக்கும் அளவாயிற்று.

அவ்வாண்டு முடிவதற்குள் டோக்கியோ பல்கலைக்கழகத்தார் அதே பொருளைச் செய்து பார்த்து உறுதி கூறினர். 1987ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹூஸ்டன், அலபாமா பல்கலைக்கழகக் குழுவினர் லாந்தனத்திற்கு மாற்றாக இட்ரியத்தைச் சேர்த்து, சுழிக்குக் கீழ் 180 பாகையிலேயே மீக்கடத்துதிறனைக் கண்டனர். எளிதிற் கிடைக்கும் திரவ நைட்ரஜனின் குளிரே அதற்குப் போதுமானது. அவ்வாண்டு மார்ச்சு 18ஆம் நாள் நியூயார்க் நகரில் இயற்பியலார் கூடி விடியற்காலம் வரை இதனையே பேசினர். அதே ஆண்டில் பெட்நோர்ட்ஸும் முல்லரும் நோபல் பரிசு பெற்றனர். ‘இருக்கக்கூடும்’ என்று பணிவோடு கூறியவர்களின் சொல், பிறர் கைகளால் ‘இருக்கிறது’ என உறுதிப்பட்டது. ஆயினும் இவ்வகைப் பொருள்கள் ஏன் அவ்வாறு இயங்குகின்றன என்பதற்கு அனைவரும் ஒப்பிய விளக்கம் இன்றும் இல்லை. உண்மை உறுதிப்பட்ட பின்னும் காரணம் பற்றிய விவாதம் தொடர்கிறது.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள்

அடுத்த முன்னேற்றம் கடும் அழுத்தத்தின் வழியே வந்தது. இரண்டு வைரங்களின் கூர்முனைகளுக்கு இடையே ஒரு துகளை வைத்து நெருக்கினால், பூமியின் ஆழத்தில் உள்ளது போன்ற அழுத்தத்தை உண்டாக்கலாம். ஜெர்மனியின் மைன்ஸ் நகர ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டு கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருளில், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 15 இலட்சம் மடங்கு அழுத்தத்தில், சுழிக்குக் கீழ் 70 பாகையில் மீக்கடத்துதிறனைக் கண்டதாக வெளியிட்டனர். பின்னர் லாந்தனமும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருளில் அவ்வெல்லை சுழிக்குக் கீழ் 23 பாகை வரை உயர்ந்தது. இம்முடிவுகளை வேறு குழுவினரும் ஆய்ந்து உடன்பட்டனர். ஐயம் எழுப்புவோர் சிலரும் உளர்.

இந்நிலையில் 2020ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ரங்கா டயஸும் அவர் குழுவினரும் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கரி, கந்தகம், ஹைட்ரஜன் ஆகியவை சேர்ந்த பொருள், 26 இலட்சம் மடங்கு அழுத்தத்தில் 15 பாகையிலேயே மீக்கடத்தியாயிற்று என்பது அதன் செய்தி. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஹிர்ஷ் என்பார் காந்தச் சான்றினை ஐயுற்றார். கருவி காட்டிய மூல அளவீடுகளை வெளியிடுமாறு அவர் பலமுறை வற்புறுத்தியும் அவை வெளிவர ஓராண்டுக்கு மேலாயிற்று. வெளிவந்தபின் ஐயம் வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை. அளவீடுகளைத் திருத்திய முறை ஏற்கத்தக்கதாக இல்லையெனக் கூறி, 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் இதழாசிரியர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றனர்.

2023ஆம் ஆண்டு மார்ச்சில் அக்குழுவினரின் மற்றொரு கட்டுரை அதே இதழில் வந்தது. லுட்டேஷியம் என்னும் உலோகமும் ஹைட்ரஜனும் சேர்ந்து, சிறிது நைட்ரஜனும் கலந்த பொருள், 10,000 மடங்கு அழுத்தத்தில் 21 பாகையில் மீக்கடத்தியாவதாக அது கூறியது. சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழகத்தார் அத்தகைய பொருளைச் செய்து பார்த்து, மீக்கடத்துதிறன் இல்லை என்றனர். கட்டுரையாசிரியர் பதினொருவருள் எண்மர் தங்கள் கட்டுரையைத் திரும்பப் பெறுமாறு தாங்களே இதழுக்கு எழுதினர். நவம்பரில் அதுவும் திரும்பப் பெறப்பட்டது. வெளி வல்லுநர்களைக் கொண்டு பல்கலைக்கழகம் நடத்திய விசாரணை, டயஸ் ஆராய்ச்சி நெறியை மீறினார் என முடிவு செய்தது. அம்முடிவு 2024ஆம் ஆண்டு வெளியாயிற்று. அவர் குற்றச்சாட்டை மறுத்தார்.

இவ்விவகாரத்தில் ஏட்டுச்சுவடி ஆராய்ச்சியை நினைவூட்டும் செய்தி ஒன்று உண்டு. டயஸ் பங்கு கொண்ட வேறொரு கட்டுரையில், மாங்கனீசும் கந்தகமும் சேர்ந்த பொருளுக்குக் கொடுத்திருந்த மின்தடை வரைகோடு, முற்றிலும் வேறான ஒரு பொருளுக்கு அவரது முனைவர் பட்ட ஆய்வேட்டில் கொடுத்திருந்த வரைகோட்டை ஒத்திருந்தது. ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஹாம்லின் இதனைச் சுட்டிக்காட்டினார். அக்கட்டுரையும் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடங்களைத் துணிந்தமையை நாம் அறிவோம். இரண்டு சுவடிகளில் நல்ல பாடம் ஒன்றுபோல் இருப்பது வியப்பன்று. ஆனால் ஏடெழுதியவரின் கைப்பிழைகள் இரண்டிலும் ஒன்றுபோல் இருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டிருக்க வேண்டும், அல்லது இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என உய்த்துணர்கிறோம். ஆய்வகக் கருவியின் வரைகோட்டில் தோன்றும் சிறுசிறு நடுக்கங்களும் ஏடெழுதுவோரின் கைப்பிழை போன்றவையே. ஒருமுறை வந்தது மறுமுறை அப்படியே வாராது.

எல்.கே.-99

2023ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் தென்கொரிய ஆய்வாளர் சிலர் அச்சேறாத முன்வரைவாக இரண்டு கட்டுரைகளை வெளியிட்டனர். ஈயம், பாஸ்பரஸ், ஆக்சிஜன் ஆகியவை சேர்ந்த பொருளில் ஈயத்தின் ஒரு பகுதிக்கு மாற்றாகச் செம்பினைப் புகுத்தியதாகவும், அது வளிமண்டல அழுத்தத்திலேயே 127 பாகை வரை மீக்கடத்தியாக இருப்பதாகவும் கூறினர். லீ, கிம் என்னும் ஆய்வாளர் இருவரின் முதலெழுத்துகளோடு 1999 என்னும் ஆண்டையும் சேர்த்து அதற்கு எல்.கே.-99 எனப் பெயரிட்டனர். கட்டுரை ஒன்றின் தலைப்போ, அறை வெப்பநிலையில் இயங்கும் ‘முதல்’ மீக்கடத்தி என ஐயத்திற்கு இடமின்றி முழங்கியது. 1986ஆம் ஆண்டின் தலைப்போடு இதனை ஒப்பிட்டால், சொல்லடக்கத்தின் அருமை புலனாகும்.

ஆயினும் கொரிய ஆய்வாளர்கள் ஒரு நன்மை செய்தனர்; செய்முறையை முழுதும் எழுதினர். எளிதிற் கிடைக்கும் ஈயச் சேர்மங்களையும், செம்பையும், பாஸ்பரசையும் கொண்டு மூலப்பொருள்களை ஆக்கிக்கொண்டு, அவற்றைக் காற்று நீக்கி மூடிய குழாயில் 925 பாகையில் சூடேற்ற வேண்டும். வைர நெருக்கிகள் வேண்டா. நல்ல உலை இருந்தால் போதும். ஆகவே உலகெங்கும் ஆய்வகங்கள் அதனைச் செய்து பார்த்தன. புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தார் பத்து நாள் அளவிலேயே செய்து பார்த்து, தங்கள் மாதிரியில் மீக்கடத்துதிறன் இல்லையென அறிவித்தனர். நம் நாட்டின் ஆய்வகம் முதல் மறுப்பாளர்களுள் ஒன்றாக நின்றமை குறிப்பிடத்தக்கது.

அங்ஙனமாயின் கொரிய ஆய்வாளர்கள் கண்டது யாது? காந்தத்தின் மேல் ஒரு துண்டு ஓரம் மட்டும் தொட்டுக்கொண்டு எழும்பி நின்றதைப் படம் பிடித்துக் காட்டியிருந்தனர். பெய்ஜிங் நகரின் பீகிங் பல்கலைக்கழகத்தார், இரும்பிற் காணப்படும் காந்தத் தன்மை சிறிதளவு இருந்தாலே அவ்வாறு நிற்கக்கூடும் எனக் காட்டினர். மற்றொரு சான்று, 104 பாகையளவில் மின்தடை திடீரெனக் குறைந்தது என்பது. இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதியியலார் பிரசாந்த் ஜெயின் அவ்வெண்ணைக் கண்டவுடன் அடையாளம் கண்டுகொண்டார். செம்பும் கந்தகமும் சேர்ந்த செம்புச் சல்ஃபைடு தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் வெப்பநிலை அதுவே. அக்கலப்பு, கொரிய ஆய்வாளர்களின் செய்முறையில் துணைவிளைவாக உண்டாவது. சீன அறிவியல் கழகத்தின் இயற்பியல் நிறுவனத்தார் செம்புச் சல்ஃபைடைத் தனியே எடுத்து அளந்து இதனை உறுதி செய்தனர். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் அக்கலப்பு இல்லாத தூய படிகத்தை வளர்த்தனர். ஊதா நிறமும் ஒளி ஊடுருவும் தன்மையும் கொண்ட அப்படிகம் மின்சாரத்தைக் கடத்தவே இல்லை. மீக்கடத்தி எனப்பட்ட பொருள் காப்புப் பொருளாக முடிந்தது. கொரிய மீக்கடத்திக் கழகம் அமைத்த குழுவும் சான்று இல்லையென அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது.

மறைத்தலும் திறந்து காட்டலும்

இவ்விரு நிகழ்வுகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். எல்.கே.-99 பற்றிய பெருங்கேள்வி சில வாரங்களில் தீர்ந்தது. ராச்செஸ்டர் விவகாரமோ மூன்று ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. முன்னதில் செய்முறை திறந்து வைக்கப்பட்டிருந்தது; எவரும் செய்து பார்க்கலாம். பின்னதில் மூல அளவீடுகளைக் காணவே போராட வேண்டியிருந்தது. திறந்து வைக்கப்பட்ட பிழை விரைவில் திருத்தம் பெறுகிறது. செம்புச் சல்ஃபைடு பற்றிய அறிவையும் உடன் தந்து செல்கிறது. மூடி வைக்கப்பட்டதோ பிறர் காலத்தையும் பொருளையும் உண்கிறது. அக்குழுவில் உழைத்த இளம் ஆய்வாளர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். தங்கள் பெயர் பொறித்த கட்டுரையைத் தாங்களே திரும்பப் பெறச் சொல்வது, கட்டிய வீட்டைத் தம் கையாலேயே இடிப்பது போன்றது. அத்துணிவே அவர்களைக் காத்தது எனலாம்.

மறுப்போருக்கு நோபல் பரிசு கிடைப்பது அரிது. ‘எங்கள் மாதிரியில் அப்படி இல்லை’ என்று எழுதிய கட்டுரையைக் கொண்டாடி விழா எடுப்பாரும் இலர். ஆயினும் 1986ஆம் ஆண்டின் உண்மையை உயர்த்தியதும், 2023ஆம் ஆண்டின் பொய்த்தோற்றத்தை நீக்கியதும் ஒரே உரைகல்தான். ‘ஆம்’ எனச் சொல்லவும் ‘அன்று’ எனச் சொல்லவும் அது ஒருங்கே ஆற்றல் பெற்றிருப்பதால்தான் அதன் ‘ஆம்’ என்னும் சொல்லுக்கு மதிப்பு.

இது தொலைவிலுள்ள பெரும் ஆய்வகங்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. கல்லூரிச் செய்முறை வகுப்பில் தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் மாணவர்க்கு, 9.8 வர வேண்டுமென்பது முன்னரே தெரியும். 9.3 என வந்துவிட்டால் பதிவேட்டில் எண்களை மாற்றி 9.8 ஆக்கிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அவ்வாறு மாற்றும்போது நூல் நீளத்தை அளந்ததில் பிழையா, நேரத்தைக் குறித்ததில் பிழையா எனக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு மறைகிறது. தமிழ் ஆய்விலும் இதற்கு இணையான குறை உண்டு. மூலநூலைப் புரட்டிப் பாராமல், முன்னவர் ஆய்வேட்டிலிருந்து மேற்கோளை எடுத்தாளும்போது, அவர் செய்த அச்சுப்பிழையும் பக்க எண் பிழையும் உடன் வந்து சேர்கின்றன. ஏட்டுப் பிழை இரண்டு சுவடிகளிலும் ஒன்றுபோல் நின்று காட்டிக்கொடுப்பதைப்போலவே அவையும் காட்டிக்கொடுக்கின்றன.

ஆசிரியர்க்கும் இதிற் பங்கு உண்டு. சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் வழங்கினால், சரியான விடையே நமக்குக் கொண்டுவந்து தரப்படும். அது எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியாது. 9.3 என நேர்மையாக எழுதி, பிழைக்குரிய காரணத்தையும் ஆராய்ந்து எழுதிய மாணவர்க்கு உரிய மதிப்பெண் வழங்குவோமாயின், நாளைய ஆய்வகங்களுக்கு நாம் செய்யும் தொண்டு அதனினும் பெரிதாக வேறு இராது. தம் பிள்ளைகளின் மதிப்பெண்ணை மட்டும் வினவும் பெற்றோரும் பெரியோரும் ‘நீயே செய்து பார்த்தாயா?’ என்றும் வினவுதல் வேண்டும்.

முடிவுரை

அறை வெப்பநிலையில், இயல்பான அழுத்தத்தில் இயங்கும் மீக்கடத்தி கிடைத்ததென்று உலகம் ஒப்பிய சான்று இன்றளவும் இல்லை. அது கிடைக்கவே கிடைக்காது என்று துணிந்து சொல்லும் இயற்பியல் விதியும் இல்லை. பீங்கானில் மீக்கடத்துதிறன் இருக்குமென 1985ஆம் ஆண்டில் எத்தனை பேர் நம்பியிருப்பர்? தேடல் தொடர்கிறது, தொடரவும் வேண்டும். அத்தேடலில் நம் கல்லூரி மாணவர் ஒருவரும் நாளை பங்கு கொள்ளலாம். அவர் கையிலுள்ள குறிப்பேட்டில், விரும்பிய எண் அன்று, கருவி காட்டிய எண்ணே எழுதப்பட்டிருக்க வேண்டும். அது 9.3 ஆயினும் சரி.